ஃபைபரா, காப்பரா? மலை ஊருக்கு எந்தக் கம்பி சரிப்படும்?

நெட் வேகம் மட்டுமல்ல. தூரம், மழை, இடி, கரண்ட் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. சேரம்பாடியை வைத்து ஒரு விளக்கம்.

நீலகிரி என்றால் ஊட்டி, குன்னூர் மட்டும் நினைவுக்கு வருபவர்களுக்கு: சேரம்பாடி இருப்பது மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில். கூடலூரிலிருந்து நாடுகாணி, தேவாலா, பந்தலூர் தாண்டிப் போக வேண்டும். அதற்கு அப்புறம் கேரளத்தின் வயநாடு. சுற்றிலும் தேயிலைத் தோட்டம், நடுநடுவே காடு, யானை நடமாட்டம். அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீ இங்கே பெரிய முதலாளி. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கிய திட்டம்தான் பிறகு டேன்டீ ஆனது.

அந்தக் குடும்பங்களின் அடுத்தடுத்த தலைமுறையில் பலர் இன்று கோவை, திருப்பூர், பெங்களூரு என வெளியூர்களில் வேலை பார்க்கிறார்கள். லேப்டாப்போடு ஊருக்கு வந்து நாலு நாள் தங்கி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடியுமா என்பது அவர்களுடைய கேள்வி. ரேஷன் கடையில் விரல்ரேகை வைப்பது, இ-சேவை மையத்தில் சான்றிதழ் வாங்குவது, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு என்று ஊரில் இருப்பவர்களின் தேவையும் நெட்டை நம்பித்தான் இருக்கிறது. கொரோனா ஊரடங்கில் சிக்னல் தேடி மாணவர்கள் குன்று ஏறிய கதைகளை யாரும் மறந்திருக்க முடியாது.

இப்படிப்பட்ட ஊருக்கு, பழைய டெலிபோன் லைனில் வரும் செப்புக் கம்பி இணையம் நல்லதா, கண்ணாடி இழையான ஃபைபர் நல்லதா? “ஃபைபர்தான், இதில் என்ன சந்தேகம்?” என்பது சட்டென்று வரும் பதில். பெரும்பாலும் சரியான பதிலும்கூட. ஆனால் அது ஏன் சரி, எந்த இடத்தில் அது போதாது என்று தெரிந்துகொண்டால்தான், கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற இணைப்பு கிடைக்கும்.

ஒளி வேகமாக ஓடுகிறது என்பதாலா?

ஃபைபரில் ஒளி போகிறது, காப்பரில் மின்சாரம் போகிறது, ஒளிதான் வேகம், அதனால் ஃபைபர் வேகம். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இது தவறு.

கண்ணாடிக்குள் ஒளி போகும் வேகம் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். வெற்றிடத்தில் இருக்கும் 3 லட்சம் கிலோமீட்டர் வேகம் கண்ணாடிக்குள் கிடையாது. செப்புக் கம்பியில் மின் சமிக்ஞை போகும் வேகமும் ஏறக்குறைய இதே அளவுதான். சேரம்பாடியிலிருந்து சென்னைக்கு ஒரு சமிக்ஞை போய்ச்சேரும் நேரத்தில் கம்பி எது என்பதால் பெரிய வித்தியாசம் வராது.

வித்தியாசம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, ஒரே நேரத்தில் எவ்வளவு தகவலை ஏற்ற முடியும் என்பது. இன்னொன்று, போகிற வழியில் சமிக்ஞை எவ்வளவு தேய்ந்துபோகிறது என்பது. மலைச்சாலையில் ஒரே வேகத்தில் போகும் ஜீப்பையும் லாரியையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் போய்ச்சேரும்; இறக்கும் சரக்குதான் வேறு.

தேய்மானம்தான் மலை ஊருக்கு முக்கியமான விஷயம். பிராட்பேண்ட் பயன்படுத்தும் 1 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், டெலிபோனுக்குப் போடும் மெல்லிய செப்புக் கம்பி ஜோடி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் சமிக்ஞையை இழக்கும். அதாவது ஒரு கிலோமீட்டர் முடிவில் மிஞ்சுவது நூறில் ஒரு பங்கு. இரண்டு கிலோமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஃபைபரிலோ, நீண்ட தூரத்துக்குப் பயன்படுத்தும் ஒளியில், கிலோமீட்டருக்கு இழப்பு சுமார் 0.2 டெசிபல்தான். 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி மிஞ்சும்.

கண்ணாடியை இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியும் என்று 1966-ல் எடுத்துச் சொன்னவர் சார்லஸ் காவ். அப்போது இருந்த கண்ணாடியில் ஒளி சில மீட்டரிலேயே மங்கிவிடும். கண்ணாடியில் கலந்திருக்கும் அசுத்தத்தை நீக்கினால் கிலோமீட்டர் கணக்கில் ஒளியை அனுப்பலாம் என்றார். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அதைச் செய்துகாட்டியது. காவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு எவ்வளவு தூரம்?

பிஎஸ்என்எல் 2005-ல் ‘டேட்டாஒன்’ பிராட்பேண்டைக் கொண்டுவந்தபோது புதிதாகக் கம்பி எதுவும் இழுக்கவில்லை. ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருந்த லேண்ட்லைன் கம்பியிலேயே, பேச்சுக்குப் பயன்படாத உயர் அலைவரிசைகளில் இணையத்தை ஏற்றி அனுப்பினார்கள். டிஎஸ்எல் என்பது இதுதான். லட்சக்கணக்கான வீடுகளுக்கு வேகமாக நெட் போய்ச்சேர இது நல்ல வழியாக இருந்தது. அன்றைக்கு 256 கேபிபிஎஸ் கிடைத்தாலே அரசு கணக்கில் அது பிராட்பேண்ட்.

ஆனால் டிஎஸ்எல் வேகம் முழுக்க முழுக்கத் தூரத்தைச் சார்ந்தது. ஏடிஎஸ்எல்2+ என்ற தொழில்நுட்பத்தின் உச்சம் 24 எம்பிபிஎஸ். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் அதை நெருங்கலாம். 3 கிலோமீட்டர் என்றால் 8 எம்பிபிஎஸ் சுற்றி. 5 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் வந்தாலே அதிர்ஷ்டம். பல நேரம் இணைப்பே நிற்காது. ‘பிராட்பேண்ட்’ என்று சொல்லக் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று இந்தியாவில் 2023-ல் வரையறை மாற்றப்பட்டுவிட்டது.

நகரத்தில் எக்ஸ்சேஞ்ச் பக்கத்துத் தெருவில் இருக்கும். தோட்டப் பகுதியில் அப்படி இல்லை. தொழிலாளர் லைன் வீடுகள் டிவிஷன் டிவிஷனாகப் பிரிந்து, மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கும். கண்ணுக்கு எதிரே தெரியும் வீட்டுக்கும் கம்பி ரோட்டை ஒட்டி வளைந்து வளைந்துதான் போக முடியும். நேர்க்கோட்டில் 2 கிலோமீட்டர் என்றாலும், கம்பியின் நீளம் அதைவிடப் பல மடங்கு ஆகிவிடலாம். டிஎஸ்எல் கணக்கில் வருவது கம்பியின் நீளம்தான்.

இதில் இன்னொரு சிக்கல், அப்லோடு. ஏடிஎஸ்எல்லில் உள்ளே வரும் வேகம்தான் அதிகம். நாம் வெளியே அனுப்பும் வேகம் ஏறத்தாழ 1 எம்பிபிஎஸ்தான். பாட்டுக் கேட்க, வீடியோ பார்க்க இது தொந்தரவு இல்லை. ஆனால் வீடியோ காலில் நம் முகமும் போக வேண்டும். “நீங்க பேசறது கேக்கலை, கட் ஆகுது” என்று எதிர்முனையில் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பரவலாகப் பயன்படுவது ஜிபான் என்ற முறை. ஒரு இழையில் கீழ்நோக்கி 2.5 ஜிபிபிஎஸ், மேல்நோக்கி 1.25 ஜிபிபிஎஸ். இதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 20 கிலோமீட்டர் வரை இது தாங்கும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீடும், பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் லைன் வீடும் ஒரே வேகத்தைப் பெறலாம்.

மழையும் இடியும்

தென்மேற்குப் பருவமழை வயநாட்டைத் தாண்டி முதலில் மோதும் இடங்களில் பந்தலூர் வட்டாரம் ஒன்று. தேவாலா தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் ஊர்களில் அடிக்கடி இடம்பிடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மண் காய நேரமே இருக்காது.

செப்புக் கம்பிக்கு இது கெட்ட காலம். கம்பியைச் சுற்றிய உறையில் சின்ன விரிசல் இருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும். இணைப்புகளில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். போனில் ‘கொர கொர’ சத்தம் கேட்கும். மோடம் திரும்பத் திரும்ப இணைப்பை இழக்கும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் தானாகவே சரியாகிவிடும். லைன்மேன் வந்து பார்க்கும்போது எல்லாம் நன்றாக இருக்கும். லேண்ட்லைன் வைத்திருந்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

இடி இன்னும் மோசம். செம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், எங்கோ விழுந்த மின்னலின் தாக்கம் கம்பி வழியாக வீட்டுக்குள் வந்து மோடத்தைக் கருக்கிவிடும். இடி இடித்தால் போன் ஒயரைக் கழற்றி வைக்கும் பழக்கம் மலையில் இதனால்தான் வந்தது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. முழுக்கக் கண்ணாடியும் பிளாஸ்டிக்குமாக வரும் கேபிளில் இந்தப் பயம் இல்லை. உறுதிக்காகச் சில கேபிள்களில் இரும்புக் கம்பி சேர்த்திருப்பார்கள். அப்படியானால் அந்த இரும்பை வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும்.

திருட்டு மூன்றாவது விஷயம். செம்புக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கேபிளையே வெட்டிக்கொண்டு போவார்கள். கண்ணாடி இழைக்கு அங்கே மதிப்பில்லை.

காப்பர் ஜெயிக்கும் ஒரே இடம்: கரண்ட்

மலையில் மழை என்றால் மரம் விழும். மரம் விழுந்தால் கரண்ட் போகும். சில சமயம் மணிக்கணக்கில், பெருமழையில் நாள்கணக்கில்.

பழைய லேண்ட்லைன் போன் அப்போதும் வேலை செய்யும். ஏனென்றால் அந்தப் போனுக்கு வேண்டிய மின்சாரத்தை எக்ஸ்சேஞ்சே 48 வோல்ட் அளவில் அதே செப்புக் கம்பி வழியாக அனுப்பியது. எக்ஸ்சேஞ்சில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும். வீடு இருளில் இருந்தாலும், ரிசீவரை எடுத்தால் டயல் டோன் வரும், ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

கண்ணாடியில் மின்சாரத்தை அனுப்ப முடியாது. வீட்டில் இருக்கும் ஃபைபர் மோடத்துக்கு வீட்டு கரண்ட்தான் உயிர். கரண்ட் போனால் நெட்டும் போகும், அதோடு சேர்த்துக் கொடுத்த லேண்ட்லைனும் போகும். செல்போன் டவரும் பேட்டரி தீர்ந்து நின்றுவிட்டால், ஊர் வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும்.

இது மலைக்கு மட்டுமான பிரச்சினை அல்ல. பிரிட்டன் பழைய செப்புக் கம்பித் தொலைபேசிச் சேவையை 2027 ஜனவரிக்குள் நிறுத்தப்போகிறது. அங்கே செல்போன் சிக்னல் இல்லாத வீட்டில் லேண்ட்லைனை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு, கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு செய்ய வழி தர வேண்டும் என்று நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்பு ஆணையம் விதி வைத்திருக்கிறது.

நம் ஊரில் அந்த ஏற்பாட்டை நாமே செய்துகொள்ள வேண்டும். செலவு பெரிதல்ல. மோடங்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. 1 ஆம்பியர் எடுத்தாலும் 12 வாட்தான். 36 வாட்-மணி பேட்டரி உள்ள ரவுட்டர் யுபிஎஸ் ஒன்று இருந்தால் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும். கரண்ட் நாள்கணக்கில் போகும் வீட்டில், இன்வெர்ட்டரிலோ சின்ன சோலார் பேட்டரியிலோ மோடத்தைச் சேர்த்துவிடலாம்.

கரண்டே சரியாகக் கிடைக்காத வீடுகளின் நிலை வேறு. கூடலூர், பந்தலூர் பகுதியில் 1969 ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் ‘பிரிவு 17’ நிலங்களில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு மின் இணைப்பு நீண்டகாலப் போராட்டமாகவே இருந்துவந்திருக்கிறது. அங்கே ஃபைபர் வாசல் வரை வந்தாலும், அதை எரிய வைக்க முதலில் கரண்ட் வேண்டும்.

அறுந்தால் யார் ஒட்டுவது?

செப்புக் கம்பி அறுந்தால், உறையைச் சீவி முறுக்கி டேப் சுற்றினால் தற்காலிகமாகவாவது ஓடும். ஃபைபரில் அது நடக்காது. இழையின் மொத்தத் தடிமன் 125 மைக்ரான். அதில் ஒளி போகும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். இரண்டு முனைகளையும் சரியாக எதிரெதிரே நிறுத்தி, மின்பொறியில் உருக்கி ஒட்ட வேண்டும். அதற்கென்று ஸ்ப்ளைசிங் மெஷின் இருக்கிறது. அதைக் கையாளத் தெரிந்த ஆள் வேண்டும். எத்தனையாவது மீட்டரில் அறுந்தது என்று காட்டும் ஓடிடிஆர் கருவியும் இருந்தால், மழையில் கிலோமீட்டர் கணக்கில் நடந்து தேட வேண்டியதில்லை.

அறுவதற்குக் காரணங்களுக்கும் மலையில் பஞ்சமில்லை. விழும் மரம், யானை தள்ளும் கம்பம், மண்சரிவு, ரோடு போட வந்த ஜேசிபி. தோண்டும்போது கேபிளை வெட்டுவதைத் தடுக்க மத்திய அரசு 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யு டிக்’ என்ற செயலியையே கொண்டுவந்தது. குழி தோண்டுபவர் முன்கூட்டியே தெரிவித்தால், அந்த இடத்தில் கேபிள் வைத்திருப்பவருக்குத் தகவல் போகும்.

இன்னொரு பாதுகாப்பு, இரண்டு வழி. ஊருக்கு வரும் முதன்மை கேபிள் ஒரே சாலையை ஒட்டி மட்டும் வந்தால், அந்தச் சாலையில் ஒரு இடத்தில் மண் சரிந்தாலும் மொத்த ஊரும் அவுட். ஊட்டிப் பக்கம் ஒன்று, வயநாடு அல்லது மைசூருப் பக்கம் இன்னொன்று என வளையமாக இணைத்திருந்தால், ஒரு பக்கம் அறுந்தாலும் மறு பக்கம் ஓடும். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடத்தில் இருப்பது கூடலூர் பகுதிக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி.

“ஃபைபர் கனெக்‌ஷன்” என்றால் எது வரைக்கும்?

விளம்பரத்தில் ஃபைபர் என்று இருந்தால் வீட்டுக்குள் ஃபைபர்தான் வருகிறது என்று அர்த்தமில்லை. சில இடங்களில் கண்ணாடி இழை கம்பத்தில் மாட்டிய பெட்டியோடு நின்றுவிடும். அங்கிருந்து வீட்டுக்கு வருவது ‘லேன் கேபிள்’. அது செம்பு. அதன் எல்லை 100 மீட்டர். வேகம் கிடைக்கலாம், ஆனால் இடி பயம் திரும்ப வந்துவிடும்.

அதோடு, அந்தக் கம்பத்துப் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டில் யுபிஎஸ் இருந்தும், கம்பத்தில் கரண்ட் இல்லையென்றால் நெட் இல்லை. ஜிபான் முறையில் நடுவழியில் இருப்பது ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மட்டும். அதற்குக் கரண்ட் தேவையே இல்லை. எக்ஸ்சேஞ்சிலும் உங்கள் வீட்டிலும் மின்சாரம் இருந்தால் போதும். அடிக்கடி கரண்ட் போகும் ஊருக்கு இது பெரிய வித்தியாசம்.

“கம்பியே வேண்டாம், 5ஜி ரவுட்டர் வாங்கிக்கலாமே?” என்றும் கேட்கலாம். டவர் பக்கத்தில் இருந்தால் நல்ல வழிதான். ஆனால் அந்த டவருக்கு வரும் இணையமும் எங்கோ ஒரு ஃபைபரிலிருந்துதான் வர வேண்டும். டவர் வரை ஃபைபர் வராமல் நுண்ணலை மூலம் இணைத்திருந்தால், எல்லோரும் பயன்படுத்தும் மாலை நேரத்தில் வேகம் படுத்துவிடும்.

ஊராட்சி வரை வந்தால் போதுமா?

கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2011-ல் ஒப்புதல் கிடைத்தது. அதுதான் இப்போதைய பாரத்நெட். தமிழ்நாட்டில் இதைச் செய்வது மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம். 12,525 ஊராட்சிகளுக்கும் 1 ஜிபிபிஎஸ் இணைப்பு என்பது இலக்கு. நீலகிரியில் இருப்பவை 35 ஊராட்சிகள். சேரம்பாடி இருக்கும் சேரங்கோடு ஊராட்சி அதில் ஒன்று.

35 என்ற எண்ணிக்கை சிறியது. ஆனால் மலையில் ஒரே ஊராட்சி எத்தனையோ தோட்டங்களையும் குக்கிராமங்களையும் உள்ளடக்கியது. ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் வந்துவிட்டது என்பதற்கும், கடைசி லைன் வீட்டில் ஒரு மாணவி பாடம் கேட்கிறாள் என்பதற்கும் நடுவில் பல கிலோமீட்டர் இருக்கிறது. வனத்துறை அனுமதி, தோட்ட நிர்வாகத்தின் ஒப்புதல், கம்பம் நட இடம், பத்து வீட்டுக்காக அவ்வளவு தூரம் கேபிள் இழுத்தால் கட்டுப்படியாகுமா என்ற கணக்கு என எல்லாமே அந்தக் கடைசிப் பகுதியில்தான் வருகின்றன. செப்புக் கம்பியைத் தோற்கடித்த அதே தூரம், ஃபைபருக்குச் செலவாக வந்து நிற்கிறது.

லைன் வீடுகள் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம் என்பதால் தனி ஒரு குடும்பம் கேட்டுக் காரியம் ஆவது கடினம். ஒரே லைனில் இருக்கும் பத்து, பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து கேட்டால், நிறுவனத்துக்கும் கணக்கு கட்டுப்படியாகும். ஜிபான் ஸ்ப்ளிட்டர் ஒன்றே 32 வீடுகளுக்குத் தாங்கும்.

இணைப்பு எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

‘எத்தனை எம்பிபிஎஸ்?’ என்பதோடு நிறுத்திவிடாமல் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. ஃபைபர் என் வீட்டுக்குள் வருமா, கம்பத்துப் பெட்டியோடு நின்றுவிடுமா?

2. நடுவழியில் கரண்ட் தேவைப்படும் கருவி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதற்கு பேட்டரி உண்டா?

3. அப்லோடு வேகம் எவ்வளவு?

4. கேபிள் அறுந்தால் ஒட்டும் மெஷினும் ஆளும் எங்கிருந்து வர வேண்டும்? பந்தலூரிலேயே இருக்கிறார்களா, ஊட்டியிலிருந்து வர வேண்டுமா?

5. ஊருக்கு வரும் முதன்மை கேபிள் ஒரு வழியா, இரண்டு வழியா?

இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லும் நிறுவனம் 50 எம்பிபிஎஸ் கொடுத்தாலும், பதில் சொல்லாமல் 200 எம்பிபிஎஸ் என்று சொல்பவரைவிட ஜூலை மாத மழையில் உங்களுக்கு உபயோகமாக இருக்கும். வீட்டில் வயதானவர்கள் லேண்ட்லைனை நம்பி இருந்தால், ஃபைபருக்கு மாறும் அன்றைக்கே மோடத்துக்கு ஒரு பேட்டரியும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.